ஒருத்தரா, மூணு பேரா

கடவுள் ஒருவரா மூவரா என்கிற வழக்கு தன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காரும் என்று யாராவது சோசியம் சொல்லியிருந்தால், அஞ்சலை அந்தச் சோசியக்காரனை வாசலோடு விரட்டியிருப்பாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். தேவைப்பட்டால் முருகனையும் கூப்பிடுவாள், பிள்ளையாரையும் விட மாட்டாள். சாமியை எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்ததே இல்லை. அவள் புருஷன் மருதமுத்துதான் எண்ணினான். எண்ணி, ஒன்று என்று முடிவும் கட்டியிருந்தான்.

மருதமுத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். சண்டைக்கு முன்பே மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பெராங்கில், பல தலைமுறையாக அங்கேயே வேரூன்றிய ஒரு செட்டிக் குடும்பத்தின் நிலத்தில் வாடகைக்குப் பலகை வீடு போட்டுக்கொண்டான். ஜப்பான்காரன் வந்த பிறகு பழைய டயரை அறுத்துச் செருப்பு செய்து பிழைத்தான். இலங்கையிலிருந்து வந்த பிரசங்கி ஒருவர் மார்க்கெட் ஓரத்தில் நின்று, கடவுள் ஒரே ஆள்தான், அவர் பெயர் இயேசு, பிதா என்பதும் அவரே, ஆவி என்பதும் அவரே, மூன்று ஆள் கணக்கெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது என்று தொண்டை கிழியச் சொன்னதைக் கேட்டு, அந்த வாரமே ஆற்றில் முழுகி எழுந்துவிட்டான். அஞ்சலை முழுகவில்லை. “நீங்க முழுகுங்க, நான் தலையத் துவட்டி விடறேன்” என்றாள். அதற்காக அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அந்தப் பிரசங்கி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதே ஊர் நல்லையாவின் மெதடிஸ்ட் கோயிலோ அமெரிக்கக்காரன் கோயில் என்று பறிக்கப்பட்டு அரிசி மூட்டை அடுக்கும் இடமாகிவிட்டது. சவரிமுத்துவுக்குத் தமிழில் பிரசங்கம் சொன்ன சாமியார் பினாங்குக்குப் போனவர் திரும்பவே இல்லை. இப்படி ஆளுக்கொரு பக்கம் அநாதையாக நின்ற மூன்று பேர், புதன்கிழமை சாயங்காலம் மருதமுத்துவின் வீட்டில் கூடத் தொடங்கினார்கள். நல்லையா யாழ்ப்பாணத்துக்காரர், துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், ஐந்து பெண்களைப் பெற்றவர். சவரிமுத்து மாட்டுவண்டிக்காரன், பரம்பரைக் கத்தோலிக்கன். தெங்கேராவில் குடியிருந்தபோது பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே காய்ச்சலில் பறிகொடுத்துவிட்டு ஒண்டியாகக் கிடந்தான். நல்ல காலமாக இருந்திருந்தால் இவர்களில் ஒருவர் கோயில் படியை இன்னொருவர் மிதித்திருக்க மாட்டார். பயம்தான் மூன்று பேரையும் இழுத்து வந்து ஒரே பாயில் உட்கார வைத்தது.

உட்கார்ந்தபின்னும் அவரவர் வழி அவரவருக்கு. நல்லையா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேதம் வாசிப்பார். மருதமுத்து கையைத் தூக்கி வாய்விட்டு அழுது ஜெபிப்பான். சவரிமுத்து முழங்காலில் நின்று ஜெபமாலை மணியை உருட்டுவான். முடிக்கும்போது சவரிமுத்து நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் கை வைத்துப் பிதா, சுதன், இஸ்பிரித்து சாந்து என்று சிலுவை போட்டுக்கொள்வான். மருதமுத்து அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். இந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பது அவர்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து வந்த புதன்கிழமை அன்று, சவரிமுத்துவின் கை நெஞ்சுக்கும் தோளுக்கும் இடையில் இருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த அஞ்சலை முதலில் பார்த்தது பூட்ஸை. பிறகுதான் வாளைப் பார்த்தாள். ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பித்தாயின் அதிகாரி எவ்வளவு நேரமாக அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தானோ தெரியாது. பின்னால் நாலு சிப்பாய்கள். அவர்களுக்கும் பின்னால், தான் அங்கே இல்லாததுபோல் நின்றவன் தனபாலன். செட்டிக் குடும்பத்துப் பையன், பக்கத்துச் சந்தில்தான் வீடு. வீட்டில் பேசுவது மலாய்தான், தமிழ் அரைகுறை. ஜப்பான் பாஷை நாலு வார்த்தை படித்ததற்காக மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மீதியை அதிகாரிக்குக் கொஞ்சம் தெரிந்த மலாயில் சொல்லிச் சமாளிப்பான்.

எல்லாரும் எழுந்து இடுப்பு வரை குனிந்தார்கள். சிப்பாய்கள் வீட்டைப் புரட்டினார்கள். டயர்க் குவியலைச் சரித்தார்கள், கிணற்றில் கழியை விட்டுத் துழாவினார்கள். கிழங்குப் பானையைக் கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அதிகாரி கத்தவில்லை. அவன் சவரிமுத்துவைப் போலவே தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, மெதுவாக ஏதோ கேட்டான்.

“இந்த ஆளு கை இப்பிடிச் செஞ்சாரு. அந்த ஆளு செய்யலே. ஏன்னு துவான் கேக்குறாரு” என்று அதிகாரியைக் காட்டினான் தனபாலன்.

நல்லையாதான் பதில் சொன்னார். அது பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் செய்யும் வணக்கம் என்றார். அப்படியானால் உங்கள் கடவுள் மூன்று பேரா என்று கேள்வி வந்தது. மூவர், ஆனால் ஒருவர் என்றார். இதை மலாயில் சொல்வதற்குள் தனபாலனுக்கு வியர்த்துவிட்டது. அதிகாரி மருதமுத்துவின் பக்கம் திரும்பினான்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். தலையை ஆட்டியிருந்தாலும் போதும். மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எனக்கு ஒருத்தர்தான். பேரு ஏசு. மூணு பேரெல்லாம் கெடையாது” என்றான். அஞ்சலைக்கு அந்த நிமிஷம் அவன் வாயில் துணியை அடைக்கவேண்டும் போல இருந்தது.

அதிகாரி சிரித்தான். பக்கத்தில் செங் என்கிற ஊரில் ஒருவன் கிணற்றுக்குள் திருட்டு ரேடியோ வைத்திருந்தான், அவனும் கூட்டாளிகளும் சாமி கும்பிடத்தான் கூடினோம் என்றார்கள், தனித்தனியாகக் கேட்டபோது ஆளுக்கொரு கதை சொன்னார்கள் என்றான். அவர்கள் இப்போது இல்லை. நாளைக்குத் தென்னோ ஹெய்க்காவின், ஜப்பான் சக்கரவர்த்தியின், பிறந்தநாள், எனக்கு வேலை இருக்கிறது, நாளை மறுநாள் காலையில் மூன்று பேரும் வரவேண்டும், வீட்டுக்காரியும் கூட வரவேண்டும். ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே கேள்வி கேட்பேன், உன் கடவுள் ஒருவரா மூவரா என்று. ஒரே மதம் என்றால் ஒரே பதில்தான் வரும். வராவிட்டால் நீங்கள் இங்கே கூடுவது கடவுளுக்காக இல்லை என்றான்.

போகும்போது நல்லையாவிடம் நின்று, உனக்கு எத்தனை பெண்கள் என்று தனக்குத் தெரிந்த மலாயில் அவனே கேட்டான். அதற்கு யாரும் மொழிபெயர்க்கவேண்டி இருக்கவில்லை. ஓடிப்போகலாம் என்று யாராவது நினைத்திருந்தால் அந்த நினைப்பு அங்கேயே செத்தது.

“ஜாங்கான் தாக்குட், அக்கா” என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான் தனபாலன். பயப்படாதே என்று சொன்னவனே திரும்பிப் பார்க்காமல் சிப்பாய்களின் பின்னால் ஓடினான்.

மறுநாள் பிறந்தநாள் கொண்டாட்டம். ஊரே பாடாங் திடலில் வெயிலில் நின்று தோக்கியோ இருக்கும் திசைக்குக் குனிந்தது. அஞ்சலையும் குனிந்தாள். குனிந்தபடியே திடல் ஓரம் நின்ற லாரிகளை எண்ணப் பார்த்தாள், வெயில் கண்ணை மறைத்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்பது அப்போது எல்லாருக்கும் தெரியும். போனவர்களில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை என்பதும் தெரியும். தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஏற்றியாகிவிட்டது, இப்போது டவுன் பக்கம் வந்துவிட்டார்கள். அவளுக்குச் சாவைவிட அந்த லாரிதான் பயமாக இருந்தது. செத்தவனுக்குக் காரியம் செய்து முடித்துவிடலாம். லாரியில் போனவனை என்ன செய்வது?

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பேரும் கூடத்தில் கூடினார்கள். ஒரே பதில் வேண்டும். அவ்வளவுதான் வேலை. அரை நாழிகையில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கவேண்டிய காரியம்.

நல்லையா தொண்டையைக் கனைத்தார். “நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. எங்கள்ல ரெண்டு பேருக்கு மூண்டு, ஒருத்தருக்கு ஒண்டு. நாளைக்கு மூண்டு பேரும் மூண்டெண்டே சொல்லிவிடுவம். காரியம் முடிஞ்சுது.”

“முடியாது” என்றான் மருதமுத்து.

“அதில என்ன காணும் முடியாம இருக்கு? தண்ணி இருக்கு. அது குளிர்ந்தா ஐஸ், கொதிச்சா ஆவி. மூண்டும் தண்ணிதானே? ஞாயிறு பள்ளிக்கூடத்தில சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறனான்.”

மருதமுத்துவின் முகம் மலர்ந்தது. “அதத்தானே ஐயா நானும் சொல்றேன்! தண்ணி ஒண்ணுதான். ஒரு நேரம் ஐஸு, ஒரு நேரம் ஆவி. ஒரே ஆளு ஒரு நேரம் பிதாவா இருந்தாரு, ஒரு நேரம் ஏசுவா வந்தாரு. நீங்க நம்ம பக்கம் வந்துட்டீங்க!”

நல்லையாவுக்கு மூக்குக் கண்ணாடி வழுக்கியது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது எதிராளியின் கட்சி என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. “இல்லை, இல்லை. ஒரு நேரம் இது, ஒரு நேரம் அது எண்டில்லை. மூவரும் எப்பவும் ஒரே நேரத்தில இருக்கினம். அந்த உதாரணத்தை விடும்” என்று தடுமாறினார்.

“நான் கேக்கறேன்” என்றான் சவரிமுத்து. “யோர்தான் ஆத்துல ஏசு ஞானஸ்நானம் வாங்குனப்ப, தண்ணிக்குள்ள நின்னவரு ஒருத்தரு. நீ என் பிரிய மகன்னு மேலேருந்து பேசுனவரு ஒருத்தரு. புறாவா எறங்குனவரு ஒருத்தரு. எண்ணிப் பாருண்ணே. ஒரே ஆளுன்னா தனக்குத்தானே பேசிக்கிட்டாரா?”

“கடவுள் எங்கயும் இருக்கிறவரு. தண்ணியிலயும் இருப்பாரு, வானத்துலயும் இருப்பாரு. அவர ஒரு எடத்துல கட்டிப் போட்டு எண்ணறது நீதான்.”

அடுப்படியில் இருந்த அஞ்சலைக்கு ஆத்திரமாக வந்தது. தலை போகிற நேரத்தில் புறாவைப் பற்றிப் பேசுகிறார்களே! அவள் வெளியே வந்து நின்றாள். வந்தவள், அடுத்துப் பேசப்பட்டதைக் கேட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயா, ஒங்களுக்குப் புரியாது” என்றான் மருதமுத்து. குரல் இறங்கியிருந்தது. “தோட்டத்துல எங்களுக்கு மூணு பேரு. தொர, கிராணி, கங்காணி. கங்காணிகிட்ட போனா கிராணியக் கேளும்பான். கிராணி தொரயக் கேளும்பான். தொரகிட்ட நாங்க போகவே முடியாது. எங்க தலப்புள்ள செத்தப்ப லீவு கேட்டு மூணு வாசல்ல நின்னேன். பொதைக்கும்போது நான் அங்க இல்ல. அப்பறம்தான் ஒருத்தரு சொன்னாரு, கடவுள் ஒரே ஆளு, பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவரே வருவாருன்னு. அன்னிலேருந்துதான் எனக்குத் தூக்கம் வருது. இப்பப் போயி மூணு பேருன்னு என் வாயால எப்பிடிச் சொல்லச் சொல்றீங்க?”

அஞ்சலைக்குக் கண் கலங்கியது. பிள்ளையைப் புதைத்த அன்று பக்கத்தில் இருந்தவள் அவள்தான். அதைப் பற்றி அவன் இதுவரை அவளிடம்கூட வாய் திறந்ததில்லை.

சவரிமுத்து வெகுநேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். “எனக்கு அது தலகீழா இருக்குண்ணே” என்றான் கடைசியில். “வீட்டுல நான் ஒண்டி. சோறு ஒண்டியாத் திங்கிறேன். மாட்டுகிட்டப் பேசறேன். ஒண்டியா இருக்கிறவன் பாடு எனக்குத் தெரியும். ஒலகம் படைக்கறதுக்கு முன்னாடி கடவுளும் அப்பிடித்தான் தனியாக் கெடந்தாருன்னா என்னால தாங்க முடியல. அப்பனும் மகனும் அவங்களுக்குள்ள இருக்கிற பிரியமும்னு ஆதியிலேருந்தே மூணு பேரா இருந்தாங்கன்னாத்தான் எனக்கு நிம்மதி. எம் பொண்டாட்டி புள்ளைங்க அந்த வீட்டுக்குத்தான் போயிருக்காங்க.”

அதற்கு மேல் யாருக்கும் வாதம் வரவில்லை. நல்லையா மட்டும், “நாளைக்கு அவன் என்ன செய்வானெண்டு யோசியுங்கோ. என்ர பிள்ளையளை யோசியுங்கோ” என்று கும்பிட்டார். ஒப்பந்தம் ஆகாமலே கலைந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அஞ்சலை புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்த மாத்திச் சொன்னா என்னங்க? ஒங்க சாமிக்கு மனசு தெரியாதா? எனக்கு நீங்க வேணுங்க” என்றாள். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த முதுகு அது. ஒருமுறை வேண்டாம் என்று திரும்பினால் திரும்பினதுதான்.

காலையில் நாலு பேரும் நடந்தே போனார்கள். மருதமுத்து யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று முன்னால் போனான். நல்லையா பின்தங்கி அஞ்சலையின் பக்கத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

“அஞ்சலை, கேளும். நானும் சவரிமுத்துவும் கதைச்சுப்போட்டம். உம்மட மனுசன் மூண்டெண்டு சொல்லப் போறேல்லை, அது எங்களுக்குத் தெரியும். அவன்ர பிள்ளைக் கதையைக் கேட்டாப் பிறகு கேக்கவும் மனம் வரேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டெண்டே சொல்லிவிடுறம்.”

அஞ்சலைக்கு நடுத்தெருவில் அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது. சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். இரவெல்லாம் அழுத முகம்.

“ஆனா அவனிட்டைச் சொல்லிப்போடாதையும்” என்றார் நல்லையா. “எனக்காக நீங்கள் உங்கட தேவனை மறுதலிக்கிறியளோ எண்டு றோட்டிலேயே சத்தம் போடுவான். ஆர் காதிலயும் விழுந்தா எல்லாரும் முடிஞ்சம். அவன் எப்பிடியும் தன்ர பதிலைத்தானே சொல்லப்போறான்? சொல்லத் தேவையில்லை.”

சரிதான் என்று அவளுக்கும் பட்டது. இவ்வளவு பிடிவாதக்காரனிடம் போய் உன் பிடிவாதத்தை விடாதே என்று யாராவது சொல்வார்களா? அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். நாலு எட்டு ஓடினால் பிடித்துவிடலாம். காஜா பெராங் தெரு முழுக்க அந்த நாலு எட்டு அப்படியே இருந்தது. அவள் ஓடவில்லை.

கெம்பித்தாய் இருந்தது தவுக்கே எனப்படும் சீன முதலாளி ஒருவரிடமிருந்து பிடுங்கிய பங்களா. வாசலில் குனிந்தார்கள். உள்ளே போனதுமே பேசக்கூடாது என்று சிப்பாய் சைகை காட்டி, நல்லையாவை ஒரு மூலை, சவரிமுத்துவை ஒரு மூலை, மருதமுத்துவை மாமரத்தடி என்று பிரித்து உட்கார வைத்தான். அஞ்சலையைப் படிக்கட்டின் கீழே தரையில் உட்காரச் சொன்னான். உள்ளே எங்கேயோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீரை வாயில் ஊற்றி அங்கே ஆட்களை என்ன செய்வார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

முதலில் நல்லையாவைக் கூப்பிட்டார்கள். போனார், சீக்கிரமே வந்தார். அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அடுத்து சவரிமுத்து. அவன் எழுந்தபோது பழக்கதோஷத்தில் வலது கை நெற்றிக்குப் போனது. பாதியில் அதை இடது கையால் பிடித்து இறக்கிக்கொண்டான். அந்தக் கையை இறக்கியபோது அவன் முகம் போன போக்கை அஞ்சலையால் பார்க்க முடியவில்லை. திரும்பி வந்தபோது அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஆனால் சொல்லிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. இன்னும் ஒரு ஆள்தான். அதுவும் எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதிலை மாற்றாத ஆள்.

மருதமுத்து மாமரத்தடியிலிருந்து எழுந்தான். படிக்கட்டு வரை வந்தான். அவளைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றான். பிறகு, யாரோ சொல்லிக் கொடுத்ததைக் குழந்தை செய்து பார்ப்பதுபோல, மெதுவாக, வரிசை தடுமாறி, முதலில் நெஞ்சைத் தொட்டு, பிறகு நினைவு வந்து நெற்றியைத் தொட்டு, பிறகு தோள்களைத் தொட்டான். தொட்டுவிட்டு அவளைப் பார்த்தான். இரவு நீ கேட்டாயே, செய்துவிட்டேன் என்கிற பார்வை.

அஞ்சலைக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அவன் மூன்று என்று சொல்லப் போகிறான்.

ஒண்ணுன்னு சொல்லுங்க. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. அவள் வாயைத் திறந்தாள். சிப்பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், துப்பாக்கி முனைக் கத்தி அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குரல் வரவில்லை. பயம் மனுஷியை என்ன செய்யும் என்று கேட்டால், இதைத்தான் செய்யும். ஒரு வார்த்தையைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, அந்த வார்த்தை காப்பாற்றியிருக்கும் ஆளை உள்ளே போக விட்டுவிடும். அவன் படி ஏறினான். கதவு சாத்தப்பட்டது.

கதவுக்குப் பின்னால் அவன் குரல் தெளிவாகக் கேட்டது. எப்போதும் உரக்கப் பேசுகிறவன். “மூணு” என்றான். தனபாலன் உடனே மொழிபெயர்க்கவில்லை. “அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லு” என்றான். கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கேட்டது. அது யார் கன்னம் என்று தெரியவில்லை.

“மூணுதான்” என்றான் மருதமுத்து. “எங்க எல்லாருக்கும் மூணு.”

கொஞ்ச நேரத்தில் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தினார்கள். அதிகாரி சாவகாசமாகப் படியில் வந்து நின்றான். தனபாலனின் ஒரு கன்னம் சிவந்திருந்தது. “துவான் சொல்றாரு” என்று ஆரம்பித்தவனுக்குக் குரல் கம்மியது. முந்தாநாள் மூன்று என்றவர்கள் இன்றைக்கு ஒன்று என்கிறார்கள், முந்தாநாள் ஒன்று என்றவன் இன்றைக்கு மூன்று என்கிறான், ஒரே நாளில் கடவுளை மாற்றுகிறவன் ஒரே நிமிஷத்தில் யாரையும் மாற்றுவான் என்றான். இருந்தாலும் தான் சொன்ன சொல் சொல்தான், இரண்டு பேர் பதில் ஒத்துப்போகிறது, அவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஒத்துப்போகாதவன் சயாமுக்குப் போவான்.

மருதமுத்து புரியாமல் சவரிமுத்துவைப் பார்த்தான். “ஒண்ணுன்னா சொன்னீங்க?” என்றான். அவ்வளவுதான் கேட்டான். கேட்டதும் அவன் முகத்தில் வந்தது பயமா சந்தோஷமா என்று அஞ்சலைக்கு இன்றுவரை தெரியாது. லாரியை வாசலுக்குக் கொண்டுவரும் சத்தம் கேட்டது.

சவரிமுத்து வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தான். சிப்பாய் அடித்தான். விழுந்து எழுந்தான்.

“தம்பி, தொரகிட்டச் சொல்லு. நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு மூணு. நேத்தும் மூணு, இன்னிக்கும் மூணு. அந்தாளுக்குத்தான் ஒண்ணு.”

தனபாலன் அதை மலாயில் சொன்னான். அதிகாரி இரண்டு முறை திருப்பிக் கேட்டான். பிறகு, ஏன் பொய் சொன்னாய் என்றான்.

“அவருக்காக.”

அவன் ஏன் பொய் சொன்னான் என்று அதிகாரி மருதமுத்துவைக் காட்டினான்.

“எங்களுக்காகத்தான். வேற எதுக்கு?”

சிரித்துக்கொண்டே இருந்த அந்த மனிதனுக்கு அப்போதுதான் முதன்முறையாகக் கோபம் வந்தது. விரலை நீட்டினான். சவரிமுத்துவையும் லாரிக்குத் தள்ளினார்கள். நல்லையாவின் வாய் திறந்தது. திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்று மூடிக்கொண்டது. வீட்டில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். அவரைக் குறை சொல்ல நம்மில் யாருக்கும் யோக்கியதை இல்லை.

லாரியின் பின்பலகை மேலே ஏறியது. உள்ளே ஏற்கெனவே ஆட்கள் அடைந்து கிடந்தார்கள். அஞ்சலைக்குத் தெரிந்தது இரண்டே முகம். சவரிமுத்துவின் உதடு கிழிந்திருந்தது. மருதமுத்து தன் தோள் துண்டை எடுத்து அதில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். அவள் ஓடினாள். இப்போது ஓடி என்ன பிரயோசனம்? வண்டி திரும்பி மறைந்துவிட்டது.

திரும்பி வரும்போது நல்லையாவும் அவளும் தெருவின் இரண்டு ஓரங்களில் நடந்தார்கள். செட்டிகளின் கோயில் வரை வந்ததும் அவள் குறுக்கே போய் அவரை நிறுத்தினாள்.

“ஐயா, நீங்க படிச்சவங்க. நான் இப்ப யாரக் கூப்புடறது? எஞ் சாமிய அவரு விட்டுட்டாரு. அவரு சாமிய எனக்காக விட்டுட்டாரு. ஒண்ணா இருக்கிறவரக் கூப்புட்டா அவருகிட்டப் போயிச் சேருமா, மூணா இருக்கிறவங்களக் கூப்புட்டாச் சேருமா? சொல்லுங்கய்யா.”

நல்லையா பேச வாயெடுத்தார். அவருக்கு வேதத்தில் வசனம் வராத நாள் கிடையாது. தெருவில் நின்றபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். “என்னைக் கேளாதை பிள்ளை. எனக்குத் தெரியேல்லை” என்றார்.

அடுத்த புதன்கிழமை யாரும் வரவில்லை. வருவார்கள் என்று அவளும் நினைக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனதும் கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரித்தாள். கையைத் தூக்குவதா, முழங்காலில் நிற்பதா, விழுந்து கும்பிடுவதா என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்தாள். படிக்கட்டின் கீழே வராமல் போன குரல் இப்போது வந்தது.

“நீங்க ஒருத்தரோ, மூணு பேரோ, எனக்குத் தெரியாது. அவங்க ரெண்டு பேரையும் மட்டும் பிரிச்சிடாதீங்க.”

உரக்கச் சொல்லிவிட்டோமோ என்று உடனே பயம் வந்தது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.